இமையில் நிரந்தர ஐலைனர் போடுவதற்கு முன்

கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டால் புருவ எம்பிராய்டரியோடு (புருவத்தில் முடி போல மெல்லிய கோடுகளாக நிறம் குத்துவது) இமைக்கும் நிரந்தரமாக ஐலைனர் போட்டுக்கொள்ளலாமா என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஆசை எனக்கும் புரிகிறது, நம் சிங்கப்பூர் வெயிலில் காலையில் இழுத்த மை மதியத்துக்குள் கன்னத்துக்கு வந்துவிடும். ஆனால் இதுவும் பச்சை குத்துவதுதான், அதுவும் கண்ணை ஒட்டி.

கண்ணாடி முன் நின்று கீழிமையை லேசாகக் கீழே இழுங்கள். இமை முடிகளுக்குப் பின்னால் ஈரமாக ஒரு விளிம்பு தெரிகிறதா? மெய்போமியன் சுரப்பிகளின் வாய்கள் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன, மேலிமையில் சுமார் 25 முதல் 40, கீழிமையில் 20 முதல் 30. நாம் கண் சிமிட்டும்போது அவற்றிலிருந்து கசியும் எண்ணெய் கண்ணீரின் மேல் ஏடு போலப் படர்ந்து அதைச் சீக்கிரம் காயவிடாமல் வைத்திருக்கிறது. தென் கொரிய மருத்துவர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இமையில் பச்சை குத்தியவர்களுக்கு இந்தச் சுரப்பிகள் அதிகம் அழிந்திருந்தன, கண்ணீர்ப் படலமும் சீக்கிரம் உடைந்தது. அழிந்த சுரப்பி திரும்ப வளராது. நாள் முழுக்க ஏர்கான் காற்றில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை. என் அக்காவுக்குக் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், கூடவே தண்ணீர் கொட்டும். கண் வறண்டாலும் அப்படி வழியும் என்று டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வறட்சி, இமை அழற்சி, அடிக்கடி கண்கட்டி என்று இருந்தால் வேண்டாம். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களும் தள்ளிப் போடுங்கள், அந்த மருந்தே இந்தச் சுரப்பிகளைப் பாதிக்கும்.

எல்லாம் சரி, போடத்தான் போகிறேன் என்றால், கோடு முடி வரிசையோடு நிற்க வேண்டும், ஈர விளிம்புக்குள் வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே போட்டால்தான் அழகு என்று வற்புறுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள், கூச்சப்படாதீர்கள். ஊசியை உங்கள் முன்னால் உறை பிரிக்கச் சொல்லுங்கள். அப்புறம், மரத்துப்போகப் பூசும் க்ரீம். உடம்புத் தோலுக்கான சில க்ரீம்களில் காரத்தன்மை அதிகம், கண்ணுக்குள் இறங்கினால் கருவிழி வெந்துவிடும், என்ன பூசுகிறார்கள் என்று பெயரைக் கேளுங்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுப் போங்கள், புண் ஆறும்வரை திரும்பப் போடாதீர்கள்.

இரண்டு மூன்று நாள் லேசான வீக்கம் இருக்கலாம். வலி கூடினால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், சீழ் வந்தால் கடைக்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்பிக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டு உறுத்தலோடு இருப்பவர்கள் தினமும் வெதுவெதுப்பான துணியைப் பத்து நிமிடம் மூடிய இமைமேல் வையுங்கள், ப்ரிசர்வேட்டிவ் இல்லாத கண்ணீர்ச் சொட்டு மருந்து போடுங்கள். குறையாவிட்டால் பாலிகிளினிக் (அரசு மருந்தகம்) டாக்டரைப் பாருங்கள், அவர் எழுதிக் கொடுத்தால் ஊட்ரமில் உள்ள சிங்கப்பூர் தேசியக் கண் மையத்தில் மானியக் கட்டணத்தில் காட்டலாம். லேசரால் அழித்துவிடலாம் என்று மட்டும் அவசரப்படாதீர்கள்: கண்ணுக்குள் உலோகக் கவசம் வைத்துச் செய்கிற வேலை அது, சில மைகள் லேசர் பட்டு இன்னும் கருத்துப்போவதும் உண்டு. எம்ஆர்ஐ எடுக்கப் போனால் இமையில் மை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில மைகளில் இரும்புத் துகள் இருப்பதால் அந்த இடம் சூடாகவோ வீங்கவோ செய்யலாம், அபூர்வம்தான், ஆனாலும் சொல்லுங்கள்.