திருகோணமலைத் துறைமுகத்தை எங்கே நின்று பார்ப்பது?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் மச்சான், கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை உச்சியில் நின்று கடலைக் காட்டி, "இதுதானே உங்கட பேர்போன ஹாபர்?" என்று கேட்டான். அவன் மட்டுமல்ல, வருகிறவர்கள் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, கோணேசரைக் கும்பிட்டுவிட்டு நிலாவெளிக்குக் குளிக்கப் போய்விடுகிறார்கள். மலையிலிருந்து தெரிவது திறந்த கடல். துறைமுகம் ஊரின் முதுகுப்பக்கம், மேற்கே கிடக்கிறது. ஆகவே காலையில் மலை, பின்னேரம் துறைமுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியனும் அந்த வழியாகத்தான் போகிறது.

மலைக்கு ஏழு மணிக்கெல்லாம் போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால், செருப்பைக் கழற்றிய பிறகு நிலம் காலைச் சுடும். கோயிலுக்கு வழி பிரெடெரிக் கோட்டைக்குள்ளால்தான். கோட்டை வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அங்கே பதித்த கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயலும் தமிழ் எழுத்தும் இருக்கின்றன. பழைய கோயிலை 1622இல் இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டுதான் இங்கே கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர் என்று ஆள் மாறி ஆள் பிடித்தார்கள். எல்லாருக்கும் கண் அந்த மேற்குப் பக்கத்துத் தண்ணீரில்.

கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரியும். அர்ச்சனைத் தட்டை இடுப்புக்கு மேலே பிடியுங்கள். போன வருடம் என் மகள் தட்டில் இருந்த வாழைப்பழத்தை ஒரு மான் தோலோடு விழுங்கிவிட்டு, வெற்றிலையையும் ஒரு முறை முகர்ந்து பார்த்தது.

பின்னேரம் நாலரைக்குப் பிறகு உட்துறைமுக வீதிக்கு வாருங்கள். டச்பே கடற்கரையில் அலை இரைவதைக் கேட்டுவிட்டு ஊருக்குள்ளால் நடந்து வந்தால்தான் வித்தியாசம் விளங்கும். இங்கே தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும். சுற்றிவர மேடுகள், பக்கத்தில் மீன்பிடி வள்ளங்கள், தூரத்தில் கப்பல். மதிலோரம் பொடியன்கள் தண்ணீர்ப் போத்தலில் தங்கூசியை, அதாவது தூண்டில் நைலோன் நூலை, சுற்றிக்கொண்டு நிற்பார்கள். இரையைச் சுழற்றி எறிந்தால் போத்தலிலிருந்து தங்கூசி 'சர்ர்' என்று கழன்று ஓடும். கேட்டால் உங்களுக்கும் ஒரு முறை தருவார்கள். இஞ்சிப் பிளேன்டீ ஒன்றை வாங்கிக்கொண்டு இருட்டும் வரை இருங்கள்.

துறைமுக வாயிலைக் காத்த ஒஸ்டன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் அகப்பட்டிருக்கிறது. நினைத்தபடி போக முடியாது. தளத்தின் வாசல்களையும் காவலில் நிற்பவர்களையும் படம் எடுக்காதீர்கள். மச்சான் எடுத்தான், பிறகு நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாக அழித்தான்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் கிண்ணியா பஸ் ஏறுங்கள். வழியில் வரும் சீனக்குடாப் பக்கம்தான் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன, இன்றும் 99. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டது இந்தத் துறைமுகத்தில்தான். அப்பப்பா அப்போது டொக்யாட்டில் வேலை. அன்றைக்கு ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு வீடு வந்து சேர்ந்தாராம். மற்றது எங்கே என்று அப்பம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

கிண்ணியாப் பாலத்துக்கு முன்பே இறங்கி நடந்து கடவுங்கள். 396 மீற்றர்தான். ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் கொட்டியாரக் குடா. மழை இல்லாத நாளாகப் பாருங்கள். மார்கழியில் போனால் குடை மட்டும்தான் தெரியும். 2009இல் பாலம் திறக்கும்வரை நாங்கள் 'பாதை'யில்தான் கடந்தோம். பஸ்ஸும் லொறியும் சைக்கிளும் ஒன்றாக ஏறும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அது அக்கரையில் நின்றால் காத்திருக்க வேண்டும். இப்போது பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். அக்கரையில் சட்டித் தயிர் வாங்குங்கள், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரவேண்டும்.