வகுப்பில் சோதனை செய்து காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுப்பவர்கள் பெரும்பாலும் இதை ஒரு தடவையாவது செய்து காட்டியிருப்போம். தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது" என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுவோம். நானும் பல வருடம் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த விளக்கம் தவறு.

ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால், மெழுகுவர்த்தி எரியும்போதே தண்ணீர் சீராக ஏறிக்கொண்டு வர வேண்டும். ஆனால் சுடர் அணையும் நேரத்தில்தான் அது விறுவிறுவென்று ஏறுகிறது. கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதைக்கூடச் சில சமயம் பார்க்கலாம். சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதும் இல்லை. காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கியதுமே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். செலவானதற்குப் பதிலாக கார்பன் டை ஆக்சைடும் உள்ளே சேர்ந்திருக்கும். அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்திகளை வைத்துப் பாருங்கள், தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். டம்ளரில் இருந்த ஆக்சிஜன் அதே அளவுதானே?

இத்தனையும் கண்ணெதிரே நடந்தும் நாம் பார்க்காமல் போனதற்குக் காரணம், விடையைக் கையில் வைத்துக்கொண்டே சோதனையைத் தொடங்குவதுதான். "இப்போது தண்ணீர் ஏறும், பாருங்கள்" என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளும் அதை மட்டும்தான் பார்ப்பார்கள். மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூரும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இயற்பியல் சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துவிட்டுப் பார்த்தவர்களுக்குப் புரிதல் கூடியிருந்தது. அதனால் கவிழ்ப்பதற்கு முன் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். தண்ணீர் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அப்புறம் கை தூக்கச் சொல்லுங்கள். தவறாக ஊகித்த பிள்ளையைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள்.

அடுத்தது, ஒத்திகை பார்க்காமல் வகுப்புக்குள் போவது. வீட்டில் நன்றாக வந்த சோதனை வகுப்பில் வராது, ஏனென்றால் வகுப்பில் மின்விசிறி சுற்றும், சுடர் நிற்காது. சீப்பால் தலை வாரிக் காகிதத் துண்டுகளை இழுக்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் மாதச் சென்னையில், தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையில் அது வருவதே அபூர்வம். ஈரக்காற்றில் மின்னூட்டம் தங்காது, எண்ணெய் வேறு உராய்வைக் கெடுத்துவிடும். வெயில் காயும் நாளாகப் பார்த்து, பிளாஸ்டிக் ஸ்ட்ராவைக் காய்ந்த துணியில் தேய்த்துச் செய்தால் வரும்.

சரி, அப்படியும் வராவிட்டால்? "வந்திருக்கணும், வந்த மாதிரியே எழுதிக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுப் புத்தகத்தில் இருப்பதை எழுதுவதுதான் அறிவியல் என்று அந்த ஒரு வாக்கியம் பழக்கிவிடும். ஏன் வரவில்லை என்று அவர்களிடமே கேளுங்கள். "சார், மழை பெய்யுது" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தால், அன்றைய பாடம் நன்றாகவே நடந்திருக்கிறது.

நெருப்பும் அமிலமும் வரும் இடத்தில் மட்டும் இந்தத் தாராளம் கூடாது. மெக்னீசியம் நாடாவை இடுக்கியில் பிடித்து எரியுங்கள், அந்த வெளிச்சத்தை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது என்று பற்ற வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்பிரிட் விளக்கு எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். அமிலத்தைத் தண்ணீரில்தான் மெல்லச் சேர்க்க வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. சுடருக்குப் பக்கத்தில் பின்னலும் துப்பட்டாவும் தொங்கக் கூடாது. உங்கள் கண்ணிலும் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கட்டும், பிள்ளைகள் அதையும் பார்க்கிறார்கள்.

பின்பெஞ்சுக்குத் தெரிகிறதா என்று ஒருமுறை அங்கே போய் நின்று பாருங்கள். மேசைமேல் ஒரு ஸ்டூல், பின்னால் வெள்ளை சார்ட், தண்ணீரில் இரண்டு சொட்டு மை, இது போதும்.

மெழுகுவர்த்திப் பாடத்தை அன்றே முடிக்க வேண்டாம். இன்னொரு டம்ளரை வெந்நீரில் சூடாக்கி, துணியால் பிடித்து, மெழுகுவர்த்தியே இல்லாமல் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வையுங்கள். டம்ளர் ஆற ஆறத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே ஏறும். எதுவும் எரியாத டம்ளரில் எப்படி ஏறியது என்று கேட்டுவிட்டு, மணி அடித்ததும் அனுப்பிவிடுங்கள்.