விற்பதற்கு முன் வீட்டை அழகுபடுத்துகிறீர்களா?

பெயின்ட் டப்பா திறக்கும் முன் சுவரைப் பாருங்கள். ஒன்றரை அடி சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் என்றால் அது காற்றின் ஈரம். உள் ஈரத்தின் மேல் அடிக்கும் பெயின்ட் வீண். உப்பு பூத்து, கொப்பளித்து உரியும், அதுவும் பெரும்பாலும் வாங்குபவர் பார்க்க வரும் நேரத்தில்! கசிவை அடைத்து, சுவர் காய்ந்த பிறகே பட்டி, பெயின்ட். புதிதாகப் பூசிய சிமென்ட் சுவருக்கு சுமார் 28 நாள் விடுங்கள்.

பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவது மலிவுதான். ஆனால் தரை ஒன்றரை சென்டிமீட்டர் வரை உயரும், கதவு தட்டும், குளியலறையில் தண்ணீர் வாட்டம் கெடும். தட்டிப் பார்த்து வெற்றுச் சத்தம் வரும் பழைய டைல்ஸைப் பெயர்த்தே ஆக வேண்டும்.

கணக்கில் பலர் கோட்டை விடுவது காலத்தில். 6 வாரம் என்ற வேலை 10 வாரம் இழுத்தால், அந்த 4 வார வட்டியும் வரியும் லாபத்திலிருந்துதான் போகும். வேலைக்கான செலவு மதிப்பீட்டின் மேல் 15 சதவீதமாவது ஒதுக்குங்கள். அதையும் சேர்த்துக் கழித்த பின் மிச்சம் தேறவில்லையா? சுத்தம் செய்து, பழுதான குழாய், சுவிட்சை மட்டும் மாற்றி அப்படியே விற்றுவிடலாம். மாடுலர் கிச்சனெல்லாம் வாங்குபவர் ரசனைக்கே விட்டுவிடுங்கள்.