வீட்டு அச்சுப்பொறியில் அஞ்சலட்டை அழைப்பிதழ்

புதுமனை புகுவிழாவுக்குச் சில அழைப்பிதழ்களே தேவையென்றால் அச்சகத்தை நாட வேண்டியதில்லை. பினாங்கின் ஈரக்காற்றில் அட்டை எளிதில் சுருண்டு உருளையில் சிக்குமாதலால், 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) அளவிலான, பளபளப்பில்லாத மேட் அட்டையை, உங்கள் அச்சுப்பொறி அத்தடிமனை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்த பின்பே வாங்கி, அச்சிடும் வரை உறை பிரிக்காமல் வைத்திருங்கள். ஏ4 தாளொன்றில் 105 × 148 மில்லிமீட்டர் அளவில் நான்கு அட்டைகள் அமையும். வடிவமைப்பை எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாகச் சேமிக்காவிடில், வேறு கணினியில் திறக்கும்போது ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறக்கூடும், பெரியவர் பெயரில் இப்பிழை நேர்ந்தால் சங்கடம்தான். அளவை 100 விழுக்காடாகவும் தாள் வகையைத் தடித்த அட்டையாகவும் அமைத்து, முதலில் சாதாரணத் தாளில் இருபுறமும் அச்சிட்டு, வெளிச்சத்தில் பிடித்து விளிம்புகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். முன்பக்க மை நன்றாகக் காய்ந்த பிறகே மறுபக்கத்தை அச்சிடுங்கள். முகவரிப் பக்கத்தின் வலது மேல்மூலையை அஞ்சல்தலைக்காக வெறுமையாக விடுங்கள்.