வியன்னாவுக்கு இசை கேட்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பா சுற்றப் போகிறவர்களில் பலர் வியன்னாவுக்கு இரண்டு இரவு ஒதுக்குகிறார்கள். முதலில் விமான டிக்கெட், அடுத்து ஓட்டல், அப்புறம் அரண்மனையும் மியூசியமும். கடைசியில்தான் ‘சாயந்திரம் ஏதாவது கச்சேரி இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி. பெரும்பாலான ஏமாற்றங்கள் இந்த வரிசையிலிருந்துதான் வருகின்றன. ஓவியம் மறுநாளும் அதே சுவரில் இருக்கும். செவ்வாய்க்கிழமை இரவு பாடிய ஆப்பரா புதன்கிழமை மேடையில் இருக்காது. வியன்னா ஸ்டேட் ஆப்பராவில் இன்றைக்கு மோட்ஸார்ட் என்றால் நாளைக்கு வெர்டி, அதற்கு மறுநாள் பாலே என்று மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் திறக்க வேண்டியது ஆப்பராவின் நிகழ்ச்சி நிரலையும் மியூசிக்ஃபெரைன் அரங்கின் நிரலையும்தான். எந்த இரவு எதைக் கேட்பது என்று முடிவான பிறகு விமான டிக்கெட் எடுங்கள்.

அப்படிப் பார்த்தாலே மிகப் பெரிய தவறு தானாகத் தவிர்ந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் ஸ்டேட் ஆப்பராவில் நிகழ்ச்சி கிடையாது. அந்த ஆப்பரா இசைக்குழுவிலிருந்து வருகிறவர்கள்தான் வியன்னா பில்ஹார்மோனிக் என்ற இசைக்குழுவின் கலைஞர்கள். அவர்கள் அந்தச் சமயத்தில் சால்ஸ்பர்க் நகரின் இசை விழாவில் வாசித்துக்கொண்டிருப்பார்கள். லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறை சரியாக அந்த மாதங்களில்தான் வருகிறது. வேறு வழியில்லை என்றால் நகராட்சி மன்றத்துக்கு முன்னால் உள்ள திடலில் இரவில் பெரிய திரை கட்டி ஆப்பரா, கச்சேரிப் பதிவுகளை இலவசமாகக் காட்டுவார்கள். குழந்தைகளோடு போக நல்ல இடம். ஆனால் நேரில் கேட்பதற்கு அது ஈடாகாது. தமிழ்நாட்டிலிருந்து மே மாதம் கிளம்புகிறவர்களுக்கு அதிர்ஷ்டம்: சீசன் உச்சத்தில் இருக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரையும் செப்டம்பரிலும் பல நாட்கள், உள்ளே நடப்பதை ஆப்பராவின் பக்கவாட்டுத் திடலில் நேரலையாகவும் காட்டுகிறார்கள்.

ஊருக்குள் இறங்கியதும் ஆப்பரா பக்கமும் ஸ்டெஃபான் தேவாலயப் பக்கமும் மோட்ஸார்ட் காலத்துச் சிவப்புக் கோட்டும் வெள்ளை விக்குமாக இளைஞர்கள் டிக்கெட் விற்றுக்கொண்டு நிற்பார்கள். அவர்களிடம் வாங்கியதும் ‘வியன்னா கச்சேரி கேட்டாயிற்று’ என்று நினைப்பது அடுத்த தவறு. அவை சுற்றுலாப் பயணிகளுக்காகவே கோத்த நிகழ்ச்சிகள்: பிரபலமான துண்டுகளாக ஒன்றன்பின் ஒன்று, நடுவில் இரண்டு பாட்டு. இதில் குழப்பம் என்னவென்றால், சில நிகழ்ச்சிகள் உண்மையிலேயே மியூசிக்ஃபெரைனின் தங்க அரங்கில் நடக்கும். 1870இல் தியோஃபில் ஹான்சன் கட்டிய அந்த அரங்கின் ஒலியழகு உலகப் பிரசித்தம். அரங்கு அதுதான் என்பதற்காக வாசிப்பவர்கள் பில்ஹார்மோனிக் ஆகிவிட மாட்டார்கள். டிக்கெட்டில் இசைக்குழுவின் பெயரையும், முழு சிம்பொனியா துண்டுகளா என்பதையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பில்ஹார்மோனிக்கின் சந்தாக் கச்சேரிகளுக்கு இடம் கிடைக்கப் பல ஆண்டுக் காத்திருப்புப் பட்டியல் உண்டு என்பது உண்மை. அதைக் கேட்டுவிட்டு முயற்சியையே கைவிடுகிறவர்கள் உண்டு. அதே கலைஞர்கள்தான் இரவு ஆப்பராவில் மேடைக்கு முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள்! ஆப்பராவுக்குப் போனால் அவர்களைத்தான் கேட்கிறீர்கள்.

நல்ல இருக்கை 200 யூரோவைத் தாண்டும் என்று பயந்து, பாக்ஸ் எனப்படும் தனித் தடுப்பு இருக்கைகளின் பின்வரிசையில் மலிவான டிக்கெட் வாங்குவதும் வழக்கமான பிழை. பக்கவாட்டு பாக்ஸில் இரண்டாம், மூன்றாம் வரிசை என்றால் முன்னால் இருப்பவரின் தலையும் பாதி மேடையும்தான் தெரியும். அதைவிட நின்று பார்ப்பது எவ்வளவோ மேல். ‘ஷ்டேப்ளாட்ஸ்’ என்று கேளுங்கள். இந்த டிக்கெட்டை நிகழ்ச்சி நாளன்றுதான் விற்பார்கள். ஒரு சாதாரண மதியச் சாப்பாட்டுச் செலவுக்குள் முடிந்துவிடும். கீழ்த்தளத்தில் நிற்கும் இடம் மேடைக்கு நேர் எதிரே, நடு பாக்ஸுக்கு அடியில் இருக்கிறது. படிப்படியாக உயரும் தளம், சாய்ந்துகொள்ளக் கம்பி, கம்பியில் ஆளுக்கொரு சின்னத் திரை. பாட்டு வரிகள் அதில் ஆங்கிலத்தில் ஓடும். உள்ளே போனதும் கழுத்தில் இருக்கும் ஸ்கார்ஃபைக் கம்பியில் கட்டிவிடுங்கள். நம்மூர் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். கட்டிய இடத்தை யாரும் தொட மாட்டார்கள், நீங்கள் நிம்மதியாகக் காபி குடித்துவிட்டு வரலாம். கோட்டையும் பையையும் வெளியே பொருள் காப்பகத்தில் கொடுத்துவிட வேண்டும். திரை விலகிய பிறகு வந்தால் இடைவேளை வரை உள்ளே விட மாட்டார்கள்.

நின்று பார்ப்பதானால் நீளத்தையும் கவனியுங்கள். ரிச்சர்ட் வாக்னரின் பெரிய ஆப்பராக்கள் இடைவேளைகளோடு ஐந்து மணி நேரம் போகும், மாலை ஐந்து மணி வாக்கிலேயே தொடங்கிவிடும். சென்னையிலிருந்து காலையில் வந்து இறங்கிய உடம்போடு அதற்குப் போகாதீர்கள். முதல் இரவுக்கு இரண்டரை மணி நேர நிகழ்ச்சி போதும்.

மியூசியங்களில் நாள் கணக்கு முக்கியம். செசெஷன் என்ற ஓவியக் கண்காட்சி அரங்கு திங்கட்கிழமை மூடியிருக்கும், லியோபோல்ட் மியூசியம் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை. கலை வரலாற்று மியூசியத்துக்குக் கோடை தவிர்த்த மாதங்களில் திங்கள் விடுமுறை. வியாழன்தோறும் அங்கே இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் என்பதால், கச்சேரி இல்லாத இரவாக வியாழனை வைத்துக்கொண்டால் ஓவியர் புரூகலின் ‘பாபேல் கோபுரம்’ முன்னால் நெரிசலில்லாமல் நிற்கலாம். அல்பர்ட்டினா மியூசியத்துக்கு, ஓவியர் டியூரர் 1502இல் வரைந்த முயலைத் தேடிப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். காகிதத்தில் தீட்டிய அந்தப் படம் வெளிச்சத்தைத் தாங்காது. அசலை வெகு அபூர்வமாகத்தான் வெளியே வைப்பார்கள், மற்ற நாட்களில் பிரதிதான்.

என்னைக் கேட்டால், இசைக்கு ஒரு நாள், ஓவியத்துக்கு ஒரு நாள், கட்டடங்களுக்கு ஒரு நாள் என்று பிரிப்பதுதான் பெரிய நஷ்டம். இந்த ஊரில் அவை பிரிந்து வளரவில்லை. ஆப்பராவிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால், தங்க இலைகளால் ஆன குமிழ் ஒன்று தெரியும். அதுதான் செசெஷன், யோசஃப் ஓல்பிரிஷ் 1898இல் கட்டியது. அதன் கீழ்த்தளத்தில் 34 மீட்டர் நீளத்துக்கு குஸ்டாவ் க்ளிம்ட் தீட்டிய சுவரோவியம் இருக்கிறது. பேட்டோவனின் (பீத்தோவன்) ஒன்பதாம் சிம்பொனியை மூன்று சுவர்களில் சொல்லும் ஓவியம். 1902 கண்காட்சிக்காக, முடிந்ததும் அகற்றிவிடுவதாகச் செய்தது. அதன் திறப்பின்போது அந்த சிம்பொனியின் இறுதிப் பகுதியைக் காற்றுக் கருவிகளுக்கு மாற்றி நடத்தியவர் இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலர். அப்போது அவர்தான் ஆப்பராவின் இயக்குநர். அடுத்த ஆண்டே செசெஷன் குழுவின் ஓவியரான ஆல்ஃப்ரட் ரோலரை அழைத்து ஆப்பராவுக்கு மேடை அமைக்க வைத்தார்.

அங்கிருந்து நாஷ்மார்க்ட் சந்தையை ஒட்டி நடந்தால் வீன் ஆற்றங்கரை நாடக அரங்கம் வரும். பேட்டோவனின் ஒரே ஆப்பராவான ‘ஃபிடேலியோ’ 1805இல் முதலில் மேடையேறியது இங்கேதான். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து எரிந்த ஸ்டேட் ஆப்பராவை 1955இல் மறுபடி திறந்தபோது பாடியதும் அதையே. இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னரின் மஜோலிகா வீடு, முகப்பு முழுக்கப் பூக்கொடி ஓடும் ஓடுகள். மதியம் இப்படி நடந்துவிட்டு இரவு மாலரோ பேட்டோவனோ கேட்டால் காதுக்கு வேறு விதமாகத்தான் படும்.

ஞாயிற்றுக்கிழமைதான் திட்டம் முட்டிக்கொள்ளும் நாள். காலை 9.15க்கு ஹோஃப்பர்க் அரண்மனைச் சிற்றாலயத்தில் வியன்னா சிறுவர் பாடகர் குழு பாடும் பூசை. 11 மணிக்கு பில்ஹார்மோனிக் கச்சேரி. மதியம், ஊரின் மேற்கு மேட்டில் ஓட்டோ வாக்னர் 1907இல் முடித்த ஸ்டைன்ஹோஃப் தேவாலயம். பொன்நிறக் குவிமாடம் கொண்ட அந்தத் தேவாலயம் பொதுமக்களுக்குத் திறப்பது பெரும்பாலும் சனி, ஞாயிறு மதியத்தில் சில மணி நேரம்தான். மூன்றையும் ஒரே நாளில் அடைக்கப் பார்க்காதீர்கள். பூசையில் சிறுவர்கள் மேல்மாடத்திலிருந்து பாடுவார்கள், பெரும்பாலான இருக்கைகளிலிருந்து அவர்களைப் பார்க்கவே முடியாது. பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அவர்களுடைய தனிக் கச்சேரிக்குப் போவதே நல்லது. பில்ஹார்மோனிக்குக்குச் சனி மதியம் 3.30க்கும் கச்சேரி இருப்பதுண்டு. டிக்கெட் கிடைத்தால் அதைச் சனிக்கு நகர்த்திவிட்டு, ஞாயிறு மதியம் ரிங் சாலையில் 48ஏ பஸ் ஏறி ஸ்டைன்ஹோஃப் போய் வாருங்கள். அன்றைய திறப்பு நேரத்தை மட்டும் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.