குழுவில் கேட்டதைச் செடியில் சோதிப்பது எப்படி? சேர்வராயன் மலைக் காபி விவசாயிகளுக்கு ஒரு கைப்பேசி வழிகாட்டி

ஒரு ஏக்கர் காபி வைத்திருப்பவர் கைப்பேசியில்கூட இன்று நாலைந்து விவசாய வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. யூடியூபைத் திறந்தால் கவாத்து முதல் காய வைப்பது வரை எல்லாமே கிடைக்கிறது. தொழில் கற்க இது பெரிய வசதிதான். ஆனால் பார்த்ததில் எது நம் மலைக்குப் பொருந்தும், செய்ததில் எது பலித்தது என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அது இல்லையென்றால் மருந்துக் கடைப் பாக்கிதான் ஏறும்.

முதல் கேள்வி: எந்த ஊர் வீடியோ?

காபியில் அரபிகா, ரொபஸ்டா என்று இரண்டு முக்கிய வகைகள். ஏற்காட்டில் முக்கியமாக விளைவது அரபிகா. குடகு, வயநாட்டு வீடியோக்களில் பல ரொபஸ்டாவைப் பற்றியவை. ரொபஸ்டாவுக்கு 10 அடி இடைவெளி. பூ எடுக்க பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அரபிகாவின் தண்டைக் குடைந்து அழிக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு ரொபஸ்டாவில் பெரிய தொல்லை கிடையாது. அதனால் அந்த வீடியோக்களில் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

பிரேசில் வீடியோக்களில் இன்னும் கவனம் தேவை. அங்கே மரநிழல் இல்லாத வெட்டவெளியில் காபி வளர்க்கிறார்கள், இயந்திரத்தால் அறுவடை செய்கிறார்கள். அறுவடையும் மே முதல் செப்டம்பர் வரை. நமக்குப் பறிப்பு நவம்பரில் சூடு பிடிக்கும். அவர்கள் காலக்கணக்கு நமக்கு ஏறத்தாழ அரை வருடம் தள்ளி நிற்கிறது. 'நிழலைக் குறைத்தால் காய் கூடும்' என்பதைக் கேட்டு நிழல் மரமான சில்வர் ஓக்கின் கிளைகளை அளவில்லாமல் வெட்டினால், வெயில் நேராகத் தண்டில் விழும். தண்டுத் துளைப்பான் வண்டு வெயில்படும் தண்டைத்தான் தேடி முட்டையிடும். காய் கூடும் முன்பே செடி போய்விடும்.

எனவே எந்த வீடியோவிலும் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: ரகம், உயரம், மழை பெய்யும் மாதங்கள், நிழல். நான்கும் சொல்லப்படவில்லை என்றால் தெரிந்து வைத்துக்கொள்ளலாம், தோட்டத்தில் செய்ய வேண்டாம்.

கேள்வி கேட்கும் முறை

'இலை மஞ்சளாகுது, என்ன மருந்து?' என்று ஒரு மங்கலான படத்துடன் கேட்டால் பத்துப் பேர் பத்து மருந்து சொல்வார்கள். சத்துக் குறைவு, வேர் அழுகல், தண்டுத் துளைப்பான் மூன்றிலுமே இலை மஞ்சளாகும்.

மூன்று படம் எடுங்கள். முதலாவது முழுச் செடி, பக்கத்துச் செடிகளும் தெரியும்படி. இரண்டாவது பாதிக்கப்பட்ட கிளை அல்லது அடித்தண்டு. மூன்றாவது நெருக்கத்தில், அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து. காலை ஒன்பது மணிக்கு மேல், பனி விலகிய வெளிச்சத்தில் எடுங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது.

என்ன தெரிய வேண்டும் என்பதும் முக்கியம். இலைத்துரு என்ற பூஞ்சை நோய்க்கு இலையின் அடிப்புறத்தைக் காட்டுங்கள், ஆரஞ்சுப் பொடி அங்கேதான் இருக்கும். காய்த் துளைப்பானுக்குக் காயின் நுனித் தொப்புள், அதில் குண்டூசித் துளை. தண்டுத் துளைப்பானுக்குப் பட்டையில் வரப்பு மாதிரி எழும்பிய மேடு.

படத்தோடு எழுத வேண்டியவை: செடியின் ரகம், வயது, எத்தனை செடியில் எத்தனைக்குப் பாதிப்பு, கடைசியாக எந்தத் தேதியில் என்ன அடித்தீர்கள், கடைசி மழை எப்போது. இதை எழுதும்போதே பாதி விடை நமக்கே தெரிந்துவிடும்.

வந்த பதிலை எடை போடுவது

இரட்டை அம்புக்குறியோடு 'பலமுறை பகிரப்பட்டது' என்று வரும் செய்திக்குச் சொன்னவரும் ஊரும் கிடையாது. அதைத் தள்ளிவிடுங்கள். மருந்துப் பெயர் வந்தால் டப்பா லேபிளில் காபிப் பயிர் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு காபி வாரியத்தின் விரிவாக்க அலுவலரிடமோ ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ கேளுங்கள். கிசான் கால் சென்டர் 1800-180-1551 இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சரியான பரிந்துரையும் பாதியாக வந்தால் கெடுதல்தான். இலைத்துருவுக்கு அடிக்கும் போர்டோ கலவை இதற்கு நல்ல உதாரணம். 200 லிட்டர் பேரலுக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு என்ற அளவு எல்லாக் குழுவிலும் உலவுகிறது. 0.5 சதவீதக் கலவைக்கு அது சரியே. விட்டுப்போவது மற்றவை: பிளாஸ்டிக் பாத்திரத்தில்தான் கரைக்க வேண்டும், கலந்த அன்றே அடித்துவிட வேண்டும், துரு நோய்ப் பூஞ்சை இலையின் அடிப்புறத் துளைகள் வழியே நுழைவதால் அடிப்புறம் நனைய வேண்டும். அடிக்கும் முன் சுத்தமான இரும்பு அரிவாளை ஒரு நிமிடம் கலவையில் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்க்காவிட்டால் இலை கருகும்.

இருபது செடிச் சோதனை

எந்தப் புது யோசனையையும் இருபது செடியில் மட்டும் செய்யுங்கள். ரிப்பன் கட்டி அடையாளம் வையுங்கள். பக்கத்திலேயே அதே வயது, அதே நிழலில் இருபது செடியை வழக்கப்படி விடுங்கள். இந்த இரண்டாவது இருபது இல்லாவிட்டால், நல்ல மழை செய்த வேலையை மருந்தின் பேரில் எழுதிவிடுவோம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, யார் சொன்னது, என்ன செய்தோம், என்ன செலவு, என்ன ஆனது. 'என்ன ஆனது' என்ற கடைசிக் கட்டத்தை எப்போது நிரப்புவது என்பது பிரச்சினையைப் பொறுத்தது. இலைத்துருவுக்குச் சில வாரங்களில் தெரியும். உரத்துக்கு அடுத்த பறிப்பு வரை பொறுக்க வேண்டும். தண்டுத் துளைப்பானின் புழு பல மாதம் தண்டுக்குள்ளேயே இருப்பதால், பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்த பலன் தெரிய ஒரு வருடமாவது ஆகும். வண்டு பறப்பது ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும். அதற்கு முன்பே, மார்ச்சிலும் செப்டம்பரிலும், தாக்கிய செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு எண்ணிக்கையை எழுதி வைத்தால் ஆண்டுக்காண்டு ஒப்பிடலாம்.

முடிவு தெரிந்ததும் அதே குழுவில் போடுங்கள், தோற்றிருந்தாலும். நம் குழுக்களில் கேள்வியும் பதிலும் குவிகின்றன. விளைவு மட்டும் திரும்பி வருவதே இல்லை. அந்த ஒரு குறையால் அதே தவறான மருந்து வருடாவருடம் சுற்றுகிறது.

விலைச் செய்திகள்

நியூயார்க் சந்தையின் அரபிகா விலை ஒரு பவுண்டுக்கு சென்ட் கணக்கில் வரும். 300 சென்ட் என்றால் ஒரு பவுண்டுக்கு 3 டாலர், 0.4536-ஆல் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 6.61 டாலர். இது சுத்தம் செய்த கொட்டைக்கு. நாம் விற்பது 50 கிலோ மூட்டை. பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கி, மேல் உமியோடு காய வைத்த கொட்டை) மூட்டையில் ஏறத்தாழ 40 கிலோ கொட்டை தேறும், காய்ந்த செர்ரியில் (பழத்தோலோடு முழுதாகக் காய வைத்த பழம்) ஏறத்தாழ பாதிதான். குழுவில் ஒரு விலை வந்தால் எந்தக் காபிக்கு, எந்த ஊர், எந்தத் தேதி என்று கேட்காமல் வியாபாரியிடம் பேசாதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் நேரடியாக விற்க நினைப்பவர்கள் தோட்டத்து அழகைவிட ரகம், உயரம், பதப்படுத்திய முறை, காய வைத்த நாட்கள், ஈரப்பதம் இவற்றை எழுதுங்கள். வறுப்பவர்கள் கேட்பது அதைத்தான்.

மார்ச்சில் ஒரு மாலை

பறிப்பு முடிந்து, கோடை மழைக்கு முன், நோட்டை எடுத்து உட்காருங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் சேனலுக்கும் எதிரே பலித்தது எத்தனை, பலிக்காதது எத்தனை, செலவு எவ்வளவு என்று போடுங்கள். ஒரு வருடமாக நோட்டில் பெயரே வராத குழுவிலிருந்து அன்றே வெளியேறுங்கள். அடிக்கடி பலித்த பதிலைத் தந்தவர் யார் என்பதும் அதில் தெரியும். அவர் நாகலூரிலோ வாழவந்தியிலோ இருந்தால் நேரில் போய் அவர் செடியைப் பாருங்கள்.