பழைய ஸ்லாவிக் சொல் ஒண்ணோட வேரை தேடுறது எப்படி

மொத வேலை, ஒரே மொழிய வெச்சிக்கினு உக்காராதீங்க. ஸ்லாவிக்ங்கிற மொழிக் குடும்பத்துல கிழக்கு, மேற்கு, தெற்குன்னு மூணு கிளை, மூணுலேருந்தும் எடுத்து பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. ரஷ்யன்ல கோரொட், அர்த்தம் நகரம். செக்ல ஹ்ராட், கோட்டை. போலிஷ்ல எழுத்துல க்ரோட், வாய்ல க்ரூட், அரண் போட்ட பழைய ஊரு. தெக்கத்தி கிளைல, செர்பியன், பல்கேரியன்ல கிராட், நகரம்தான்.

இப்ப சத்தத்த பாருங்க, செக்ல க போயி ஹ வந்திருக்குது. காட்பாடில ரயிலேறி பெங்களூர்ல எறங்கினா நம்ம பால் ஹாலு ஆவுது, பல்லு ஹல்லு, புலி ஹுலி, ஆனா சித்தூர் பக்கம் தெலுங்குல பாலு, புலின்னு ப அப்படியே நிக்குது இல்ல, அதே மாதிரி ஒழுங்கா நடக்குற மாத்தம்தான் இதுவும். ஒரு சொல்ல மட்டும் பாத்து நம்பிடாதீங்க, தலைக்கு என்ன சொல்றாங்கன்னும் பாருங்க: எழுத்துப்படி ரஷ்யன்ல கொலொவா, போலிஷ்ல க்லோவா, செக்ல ஹ்லவா, பல்கேரியன்ல க்லவா. ரஷ்யன்ல ரெண்டு ஒ, போலிஷ்ல ஒண்ணு, செக்லயும் தெக்கயும் அ. ரெண்டு சொல்லுக்கும் ஒரே கணக்கு!

நகரம்ங்கிற சொல்லுக்கு அப்படி வர்ற மூலம்தான் *கோர்டு. அந்த நட்சத்திரம் எதுக்குன்னா, இந்த வடிவத்த யாரும் எழுதி வெக்கல, ஒப்பிட்டு கண்டுபிடிச்சதுன்னு காட்ட. கிறிஸ்தவ மதத்த பரப்பப் போன அண்ணன் தம்பி சிரிலும் மெத்தோடியஸும் 863ல, இப்ப செக் நாட்டு பக்கம் இருக்குற மொராவியாவுக்கு போன காலத்துலதான் ஸ்லாவிக்ல நூல் எழுதுறதே ஆரம்பம். கடைசி உ நம்ம குற்றியலுகரம் மாதிரி குறுகி குறுகி, அப்புறம் காணாமலே போச்சு, எனக்கு இதுல ரொம்ப புடிச்ச எடம் இதுதான்.

ஜாக்கிரதையா இருக்க வேண்டியது ரெண்டு. நோவ்கோரொட்ங்கிற ஊரு பேருல இருக்குற கோரொட் ரஷ்யனோட சொந்த வடிவம், ஆனா லெனின்கிராட், வோல்கோகிராட்ல இருக்குற கிராட் சர்ச் வழிபாட்டுக்கு எழுதின தெக்கத்தி ஸ்லாவிக் மொழிலேருந்து வந்த கடன், அத ரஷ்யன் வாரிசு கணக்குல சேக்காதீங்க. இன்னொண்ணு, ரஷ்யன்ல ஆலங்கட்டி மழைக்கும் கிராட்னுதான் பேரு, அது வேற வேரு. சந்தேகம் வந்தா போலிஷ பாருங்க, அங்க ஊரு க்ரோட், ஆலங்கட்டி க்ராட், தனித்தனியா நிக்குது.

இன்னும் பின்னாடி, ஸ்லாவிக்குக்கு வெளில இருக்குற சொந்தக்கார மொழிகளுக்கு போனா, லித்துவேனியன்ல கார்தாஸ்னா ஆடு மாடு அடைக்கிற பட்டி, பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்ல கார்ட்ஸ்னா வீடு, சமஸ்கிருதத்துல க்ருஹம், அதாங்க நம்ம வீட்டுக்கு வர்ற கிரகப்பிரவேசப் பத்திரிகைல இருக்குறது. எல்லாத்துக்கும் அடியில அடைச்ச எடம்ங்கிற அர்த்தம் ஓடுது.

பழகிப் பாக்க தாடிய எடுத்துக்கோங்க, ரஷ்யன்ல பொரொடா. போலிஷ்லயும் செக்லயும் என்ன வரணும்னு மொதல்ல நீங்களே எழுதிட்டு, அப்புறம் அகராதிய தொறங்க, செக்ல அர்த்தமும் மோவாய்க்கு நகந்திருக்கும்.